முந்நூறு ரூபாயும் ஒரு குறிப்பேடும்: இளங்கலை வகுப்பில் தொழில்முனைவு கற்பித்த அனுபவம்

2011-ஆம் ஆண்டில் கரூரை அடுத்த ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் ஆசிரியையாகச் சேர்ந்தபோது, மற்றவர்கள் எளிதென்று கருதி விட்டுக்கொடுத்த ‘தொழில்முனைவு மேம்பாடு’ என்னும் தாள் என்னிடம் வந்து சேர்ந்தது. கணக்குப் போட வேண்டியதில்லை, குறிப்பு கொடுத்தால் மாணவர்கள் எழுதித் தேறிவிடுவார்கள் என்பதே அதைப் பற்றித் துறையில் நிலவிய எண்ணம். நானும் ஐந்து ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். தொழில்முனைவோரின் பண்புகள், வகைகள், மாவட்டத் தொழில் மையத்தின் பணிகள், 1949-இல் தொடங்கிய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம், 1970-இல் சிட்கோ, 1971-இல் சிப்காட், 1990-இல் சிட்பி என்று, தொழில்களுக்கு உதவும் அரசு அமைப்புகளைத் தொடங்கிய ஆண்டோடு கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போடுவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். தேர்ச்சி விழுக்காடு நன்றாக இருக்கும்.

2016-இல் ஒரு மாணவனின் அக்காள் திருமணத்துக்காக வெங்கமேட்டில் இருந்த அவன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். வீட்டின் கீழ்த்தளத்தில் ஆறு தையல் இயந்திரங்கள் இருந்தன. அவனுடைய தந்தை ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் தலையணை உறையும் சமையலறைத் துண்டும் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர். விருந்து முடிந்து விடைபெறும்போது அவர் மிகுந்த மரியாதையுடன்தான் சொன்னார்: “உங்க பேப்பர்ல எம்பத்தேழு மார்க் வாங்கியிருக்கானுங்க மேடம். ஆனா ஒரு தலகாணி உறைக்குக் கூலி என்ன கேக்கலாம்னு கேட்டா முழிக்கிறானுங்க.” அவர் குறை சொல்ல வரவில்லை, மகன் படித்துத் தமக்கு உதவுவான் என்று எண்ணியவர், அந்த உதவி ஏன் கிடைக்கவில்லை என்பது புரியாமல் கேட்டார். நூல், கரண்ட், ஊசி, ஆள் கூலி, வண்டி வாடகை, தையல் பிசகித் திரும்பி வரும் பீஸ் ஆகிய இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு உறையின் அடக்கவிலை என்பதை அந்தப் பையன் எந்த வகுப்பிலும் தன் வீட்டோடு பொருத்திப் பார்த்ததில்லை. சிறு, குறு நிறுவனங்களிடம் பொருள் வாங்கியவர் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை அவன் தேர்வில் பிழையின்றி எழுதியிருந்தான். அவன் தந்தைக்கோ 90 நாள் கழித்தே பணம் வந்துகொண்டிருந்தது, அந்த இடைவெளியை வட்டிக்கு வாங்கித்தான் அவர் நிரப்பினார். இரண்டையும் இணைத்துக் காட்டியிருக்க வேண்டியவள் நான்.

அந்த விடுமுறையில் இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று தேடத் தொடங்கினேன். எங்கள் பாடநூல்களில் காக்கிநாடா ஆய்வு என்று ஒரு பத்தி வரும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1964-இல் காக்கிநாடாவைச் சேர்ந்த வணிகர்கள் 52 பேருக்கு ஐதராபாத்தில் பயிற்சி அளித்தார் என்பதை மாணவர்கள் ஐந்து மதிப்பெண் வினாவுக்காகப் படிப்பார்கள். அவர் தம் ஆய்வுகளில் வளையம் எறியும் விளையாட்டைப் பயன்படுத்தியவர் என்பதை நான் அதற்குப் பிறகுதான் படித்தேன். கம்பத்திலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதை எறிபவரே தீர்மானிக்கலாம். சாதிக்க விரும்புவோர், எறிந்தால் தவறவே முடியாத அண்மையிலும் நிற்பதில்லை, அதிர்ஷ்டம் மட்டுமே கைகொடுக்கும் தொலைவிலும் நிற்பதில்லை. முயன்றால் விழக்கூடிய நடுத்தொலைவைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அவர் கண்டது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் என் முதல் வகுப்பு இந்த விளையாட்டுடன்தான் தொடங்குகிறது. மாரியம்மன் திருவிழாக் கடைகளில் வளையம் எறிந்து சோப்பு டப்பாவை வெல்ல முயன்ற பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. யார் எங்கே நின்றார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, பருவத்தின் இறுதியில் அவர்களுக்கே காட்டுகிறேன்.

2017-இல் பி.காம். மூன்றாம் ஆண்டு வகுப்பில் 56 பேர் இருந்தனர். நால்வர் வீதம் 14 குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 300 ரூபாயும் ஒரு நீளக் குறிப்பேடும் கொடுத்தேன். மொத்தம் 4,200 ரூபாய். அந்த ஆண்டு என் பணம், பின்னர் பழைய மாணவர்கள் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். மூன்று வாரங்களில் அந்தப் பணத்தைக் கொண்டு, கல்லூரிக்கும் உறவுக்கும் அப்பாற்பட்ட ஒருவரிடமாவது எதையேனும் விற்றுவிட வேண்டும் என்பதே விதி. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நான் திட்ட அறிக்கையைத்தான் முதலில் கேட்பேன். அறிக்கைகள் அழகாக வரும். பாதிப் பேர் கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கப்போவதாக எழுதியிருப்பார்கள், அதை யார் உருவாக்குவது என்று கேட்டால் பதில் இராது. அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கி, அறிக்கையைப் பருவத்தின் இறுதிக்குத் தள்ளினேன். விற்றுப் பார்த்தவர்கள் எழுதும் அறிக்கை இரண்டே பக்கம் இருந்தாலும் அதில் உள்ள எண்கள் அவர்களுடையவையாக இருக்கின்றன.

முதல் பாடம் அரவக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த மாணவியர் குழுவிடமிருந்து எனக்கே கிடைத்தது. முருங்கைக்குப் பேர்போன வட்டாரம் அது. மரத்திலிருந்து இலை இலவசமாகவே கிடைக்கும் என்பதால் முருங்கைக்கீரைப் பொடி விற்பதாக முடிவு செய்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடி 40 பேரிடம் “இப்படி ஒரு பொடி கிடைத்தால் வாங்குவீர்களா?” என்று கேட்டார்கள். 34 பேர் வாங்குவதாகச் சொன்னார்கள். இலையை நிழலில் உலர்த்தி, அரைத்து, சலித்து, நூறு கிராம் வீதம் 25 பொட்டலங்கள் போட்டார்கள். ஆறுதான் விற்றன, அந்த ஆறிலும் நான்கை உறவினர்களும் ஆசிரியர்களும் வாங்கியிருந்தோம். அந்தப் பெண்களின் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. பிழை அவர்களுடையதன்று, நான் கொடுத்த கேள்வியினுடையது. எதிரே நிற்கும் கல்லூரிப் பெண்ணிடம் “வாங்க மாட்டேன்” என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வருவதில்லை. நாளை என்ன செய்வீர்கள் என்று கேட்டால் நல்ல மனத்தோடு பொய் சொல்லிவிடுவார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான் உண்மை வரும்.

ஆகவே கேள்வியை மாற்றி அனுப்பினேன். “போன மாதம் வீட்டுக்கு என்னென்ன பொடி வாங்கினீர்கள், எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, எவ்வளவு மிச்சமிருக்கிறது?” இம்முறை கேட்ட இருபது பேரில் கீரைப்பொடியைக் காசு கொடுத்து எப்போதாவது வாங்கியவர்கள் இருவர் மட்டுமே. ஆனால் விடுதி மாணவர்களும், வேலைக்குப் போகும் தனியாள்களும், பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் வாராவாரம் தீர்ந்து போவதாகச் சொன்னார்கள். அந்தக் குழு மீதமிருந்த கீரைப்பொடியைப் பருப்புப் பொடியில் கலந்து, சிறு பொட்டலங்களாக விடுதியிலும் பேருந்து நிலையத்தருகே தங்கியிருந்த வேலையாள்களிடமும் கொண்டுபோனது; பத்து நாள்களில் எல்லாம் தீர்ந்தது. இன்றும் என் வகுப்பில் கேள்வி கேட்கும் பயிற்சிக்கு மட்டும் இரண்டு வாரங்கள் ஒதுக்குகிறேன். முன்பின் தெரியாதவரிடம் போய் நின்று பேசுவதற்குக் கூச்சப்படும் பிள்ளைகள்தான் எங்கள் வகுப்பில் மிகுதி. அந்தக் கூச்சம் போவதற்குப் பாடநூலில் வழி இல்லை. முதல் நாள் இருவராகச் சென்று ஐந்து கடைக்காரர்களிடம் வியாபாரம் எப்படி என்று மட்டும் கேட்டு வர வேண்டும், எதையும் விற்கக் கூடாது. ஐந்தாவது கடையில் குரல் திடப்பட்டுவிடுகிறது என்று அவர்களே வந்து சொல்கிறார்கள்.

குறிப்பேட்டைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வணிகவியல் மாணவர்களுக்குப் பேரேடும் இருப்புநிலைக் குறிப்பும் தெரியும். ஆனால் தம் கையிலிருந்து போன பத்து ரூபாயை எழுதி வைக்கும் பழக்கம் இல்லை. மாணவர் நால்வர் மாலை வேளைகளில் கரம் விற்றார்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பொரியும் முறுக்கும் நொறுக்கி, துருவிய காய்கறியும் சட்னியும் சேர்த்துப் பிசைந்து தருகிற கரூர்ப் பலகாரம் அது. ஒரு தட்டு 30 ரூபாய் வீதம் ஐந்து மாலைகளில் 78 தட்டுகள் விற்று 2,340 ரூபாய் வரவு. அன்றன்றைய வரவிலிருந்தே மறுநாள் சரக்கு வாங்கியதில் மொத்தச் செலவு 1,410 ரூபாய். 930 ரூபாய் லாபம் என்று பெருமையுடன் வந்தார்கள். நான் பாராட்டிவிட்டு, எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்று கேட்டேன். நால்வரும் நாளுக்கு மூன்று மணி நேரம், ஐந்து நாள்கள், ஆக 60 மணி நேரம். மணிக்கு 15 ரூபாய் 50 காசு. அவர்களில் ஒருவன் ஞாயிறுகளில் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போகிறவன். அங்கே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை அவனே கணக்கிட்டுச் சொன்னான். சட்னி அரைத்துக் கொடுத்த அம்மாவின் நேரமும் வீட்டு எரிவாயுவும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவற்றை எழுதிப் பார்த்தபோது அறையில் நிலவிய அமைதி, நான் இத்தனை ஆண்டுகள் நடத்திய அடக்கவிலைப் பாடத்தில் ஒருநாளும் நிலவியதில்லை.

அந்தக் குழு அதோடு விட்டுவிடவில்லை. எந்த ஒரு மணி நேரத்தில் அதிகத் தட்டுகள் போகின்றன என்று குறித்துப் பார்த்து, ஐந்தரை மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் மட்டும், இருவர் மட்டும் நிற்பதாக மாற்றிக்கொண்டார்கள். இதைத்தான் நான் விரும்பினேன். அதனால் இப்போது குறிப்பேட்டின் இடப்பக்கம் பணத்துக்கும் வலப்பக்கம் நேரத்துக்கும் என்று பிரித்துவிட்டேன். நாள்தோறும் இரவு கணக்கை முடித்து நால்வரும் கையெழுத்திட வேண்டும். கைப்பேசி வழியே பணம் வாங்கத் தொடங்கிய பிறகு இது இன்னும் அவசியமாகிவிட்டது, ஏனெனில் குழுவின் வரவு ஒருவனுடைய சொந்தக் கணக்கில் விழுந்து, அவன் ரீசார்ஜ் செய்ததும் டீ குடித்ததும் அதிலேயே கரைந்து, மாத முடிவில் நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வந்ததை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

கடனையும் அவர்கள் நேரடியாகவே கற்கிறார்கள். விடுதி நண்பர்கள் “அப்புறம் தர்றேன்” என்று வாங்கிப் போவார்கள். எங்கள் பெட்டிக்கடைகளில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று எழுதித் தொங்கவிட்டிருப்பதை அதுவரை வேடிக்கையாகப் பார்த்தவர்கள், நூற்றிருபது ரூபாயைக் கேட்டு வாங்கத் தெரியாமல் தவிக்கும்போது அதன் பொருளை உணர்கிறார்கள். நான் முன்பு சொன்ன 45 நாள் சட்டத்தை இப்போது இந்த இடத்தில்தான் நடத்துகிறேன். தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக நான்கு முறை நடந்த மாணவனுக்கு அந்தச் சட்டப்பிரிவு ஏன் வந்தது என்பதை விளக்க ஐந்து நிமிடம் போதும்.

இனி என் தவறு. இரண்டாம் ஆண்டில், அதிக லாபம் ஈட்டிய குழுவுக்கு அதிக அகமதிப்பீட்டு மதிப்பெண் என்று அறிவித்தேன். போட்டி இருந்தால் ஊக்கம் வரும் என்று நினைத்தேன். ஒரு குழு மாமாவின் கடைச் சரக்கையே தாங்கள் விற்றதாக எழுதிக்கொண்டு வந்தது. அதையாவது பேசித் திருத்த முடிந்தது. இன்னொரு குழுவில் ஒரு மாணவன், 300 ரூபாயில் என்ன ஆகும் என்று நினைத்து, வாரத் தவணைக்குக் கடன் தருபவரிடம் 4,000 ரூபாய் வாங்கித் துணி எடுத்து, விற்க முடியாமல் மாட்டிக்கொண்டான். அவன் அம்மா ஏற்கெனவே குழுக்கடன் கட்டிக்கொண்டிருந்தவர். விஷயம் தெரிந்து நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார். அந்தத் துணியை மொத்த விலைக்கே திருப்பி எடுத்துக்கொள்ளும்படி ஒரு கடைக்காரரிடம் மன்றாடி, மீதியை ஆசிரியர்கள் சேர்ந்து அடைத்தோம். அதன்பின் விதிகளை அடியோடு மாற்றினேன். கொடுத்த 300 ரூபாய்க்கு மேல், வீட்டுப் பணமோ கடனோ ஒரு ரூபாயும் சேர்க்கக் கூடாது. வரவிலிருந்து மட்டுமே பெருக்கலாம். லாபத்துக்கு மதிப்பெண் கிடையாது. குறிப்பேடு நாள்தோறும் எழுதப்பட்டிருக்கிறதா, எதைக் கேட்டு எதை மாற்றினார்கள், எங்கே தவறினார்கள் என்பதற்கே மதிப்பெண். முழுப் பணத்தையும் இழந்துவிட்டு, எப்படி இழந்தோம் என்பதைத் தெளிவாக எழுதிய குழுவுக்கு 25-க்கு 24 கொடுத்திருக்கிறேன். இழக்கத்தக்கது எவ்வளவு என்பதை முதலில் வரையறுத்துவிட்டுத் தொடங்குவது தொழிலின் அடிப்படை. வளைய விளையாட்டில் நான் சொல்லிக்கொடுத்ததை நானே மறந்திருந்தேன்.

மாணவியர் விஷயத்தில் வேறொரு வகையான கவனம் வேண்டும். தெருவில் நின்று விற்பதற்குச் சில வீடுகளில் அனுமதி கிடைப்பதில்லை. முதலில் பெற்றோரிடம் வாதாடினேன். பிறகு, விற்கும் இடத்தைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகள் நியாயமானவை என்று உணர்ந்து, தாய்மார்களைக் கல்லூரிக்கே வரவழைத்து, பகல் நேரம், இருவராகச் செல்லுதல், ஆசிரியர் எண் கையில் இருத்தல் ஆகியவற்றை முன்கூட்டியே பேசி முடிவு செய்கிறேன். வந்த தாய்மார்களில் பலர் சீட்டு நடத்துபவர்களாகவும் வீட்டிலேயே துணி விற்பவர்களாகவும் இருந்தது எனக்கு வியப்பளித்தது. இப்போது அவர்களில் இருவரையோ மூவரையோ ஆண்டுதோறும் வகுப்பில் பேச அழைக்கிறேன்.

விருந்தினரைப் பற்றியும் ஒரு சொல். பெரும் வெற்றி பெற்றவர்களை அழைத்தால் மண்டபம் நிறையும், கைதட்டல் நீளும். மறுநாள் என்ன கேட்டீர்கள் என்றால் “கடுமையாக உழைக்க வேண்டும்” என்பதைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. ஒருமுறை, கொசுவலை உற்பத்தி செய்து நொடித்து, தறிகளை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, இப்போது அதே தொழிலில் வேறொருவரிடம் மேலாளராக இருக்கும் ஒருவரை அழைத்தேன். ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பியிருந்ததையும், அவர் நிறுத்தியபோது கையில் எத்தனை நாள் பணம் இருந்தது என்பதையும் எண்களோடு சொன்னார். அன்று மணி அடித்த பிறகும் மாணவர்கள் எழவில்லை. இதற்காக முன்வருபவர்களுக்கு நாம் மிகுந்த நன்றி பாராட்ட வேண்டும். தோற்ற கதையைப் பிள்ளைகள் முன் சொல்வது எளிதன்று.

பதிவு, உரிமம் முதலியவற்றை விற்பனை தொடங்கிய பிறகே நடத்துகிறேன். உணவு விற்ற குழு ஒன்று ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்றது. ஆண்டு விற்பனை 12 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட சிறு வணிகர்களுக்கு அப்போது இருந்த ஏற்பாடு அது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக 2020 ஜூலை முதல் வந்த உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை என்பதை வகுப்பிலேயே திரையில் பதிந்து காட்டுகிறேன், ஏனெனில் அதற்குக் காசு வாங்கும் இடைத்தரகர்கள் எங்கள் ஊரில் உண்டு. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டம், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் ஆகியவற்றின் மானியத்தைப் பற்றிச் சொல்லும்போது, மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தொழில் தொடங்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி நிர்வாகக் கூட்டத்தில், இத்தனை செய்தும் எத்தனை பேர் தொழிலதிபர்கள் ஆனார்கள் என்று கேட்கப்பட்டது. நேர்மையான விடை, மிகச் சிலர் என்பதுதான். நெதர்லாந்தில் மாணவர்கள் சிறு நிறுவனம் நடத்தும் பயிற்சி ஒன்றை ஆராய்ந்து 2010-இல் மூன்று பொருளியலாளர்கள் வெளியிட்ட முடிவை நான் அங்கே எடுத்துச் சொன்னேன்: பயிற்சிக்குப் பின் தொழில் தொடங்கும் விருப்பம் கூடவில்லை, குறைந்திருந்தது. தொழில் என்பது என்னவென்று அறிந்தபின், இது எனக்கு இப்போது வேண்டாம் என்று இருபது வயதில் 300 ரூபாய்ச் செலவில் தெரிந்துகொள்வதை நான் தோல்வியாகக் கருதவில்லை. முப்பத்தைந்து வயதில் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத் தெரிந்துகொள்பவர்களை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில் 1,500 சிறு தொழில்களைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியான ஆய்வையும் குறிப்பிட்டேன். கணக்கியலும் சந்தைப்படுத்தலும் சொல்லித்தரும் வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் லாபம், புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல இயலாத அளவில் 11 விழுக்காடு கூடியது. தானே முன்வந்து செய்தல், இடையூறைக் கடத்தல் ஆகியவற்றைப் பழக்கிய பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 விழுக்காடு கூடியது. அவர்கள் ஏற்கெனவே தொழில் செய்தவர்கள், என் பிள்ளைகள் இன்னும் தொடங்காதவர்கள் என்ற வேறுபாட்டை மறைக்காமல்தான் சொன்னேன். அடுத்த ஆண்டுக்கான அனுமதி கிடைத்தது.

முருங்கைக்கீரைக் குழுவில் இருந்த ஒரு மாணவி இப்போது ஒரு வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி நிறுவனத்தில் விலை நிர்ணயப் பிரிவில் வேலை செய்கிறாள். தொழில் தொடங்கும் எண்ணம் இருக்கிறது, ஆனால் தம்பி படிப்பை முடிக்கும்வரை இல்லை என்கிறாள். சென்ற மாதம், தான் கூலிக்குக் கொடுக்கும் ஒரு தையல் கூடத்தின் விலைப்பட்டியலை அனுப்பியிருந்தாள். நூல், கரண்ட், ஊசி, ஆள் கூலி, வண்டி வாடகை, திரும்பி வரும் பீஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரியில் இருந்தது. அடியில் இன்னொரு வரி: பணம் வர ஆகும் 60 நாளுக்கான வட்டி. தயாரித்தவன் பெயரைப் பார்த்தேன், வெங்கமேட்டு மாணவன். அவன் படித்த ஆண்டில் என் வகுப்பில் குறிப்பேடு கிடையாது, அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அவனுடைய தந்தையாகத்தான் இருக்க வேண்டும். வரும் திங்களன்று புதிய வகுப்புக்குப் பணம் கொடுக்கிறேன். அந்தத் தந்தையையும் மகனையும் வந்து பேசும்படி கேட்டிருக்கிறேன். தந்தைக்குக் கூச்சமாம், மகன் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.